சோழமண்டலக் கரைச் சீட்டித் துணிகளும் வடிவமைப்பு நேர்வு ஆய்வின் வரலாறும்

வடிவமைப்பாளர் ஒருவர் தாம் செய்த வேலைகளைத் திரட்டிப் பிறர் பார்வைக்கு வைக்கும் கோப்பு படைப்புத் தொகுப்பு எனப்படுகிறது. மாணவர் பேச்சு வழக்கில் இதற்குப் போர்ட்ஃபோலியோ என்று பெயர். அத்தொகுப்பில் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அது எந்தத் தேவையில் தொடங்கியது, என்னென்ன முயன்று பார்க்கப்பட்டது, எந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது, கடைசியில் என்ன கிடைத்தது என விரித்துரைக்கும் பகுதி நேர்வு ஆய்வு. இதனைக் கேஸ் ஸ்டடி என்றே பலரும் அழைக்கின்றனர். வடிவமைப்புக் கல்லூரிச் சேர்க்கையிலும் வேலைக்கான நேர்காணலிலும் இன்று அதிகம் கேட்கப்படுவது இதுவே.

இவ்வழக்கம் கணினித் திரையோடு பிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் ஒரு பொருள் உருவாகும் வழியைப் படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் சான்று வைத்து எழுதிய ஆவணம் ஒன்று 1734-ஆம் ஆண்டையொட்டிப் புதுச்சேரியில் உருவானது. அது சோழமண்டலக் கரையின் சீட்டித் துணியைப் பற்றியது. காரைக்காலும் அதே கரையில், அதே துணி வணிகத்தில் இணைந்திருந்த ஊர். அந்த ஆவணத்தையும் அதன் பின்வந்த சிலவற்றையும் பார்த்தால், நல்ல நேர்வு ஆய்வு எப்படி இருக்க வேண்டும் என்பதோடு, அதில் எது விடுபட்டால் யாருக்கு இழப்பு என்பதும் விளங்கும்.

காரைக்காலும் துணி வணிகமும்

காரைக்கால் இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு மாவட்டம். கிழக்கே வங்கக் கடலும் மற்ற புறங்களில் தமிழ்நாட்டு நிலமும் சூழ்ந்த இப்பகுதியில் அரசலாறு கடலில் கலக்கிறது. வடக்கே தரங்கம்பாடி, தெற்கே நாகூரும் நாகப்பட்டினமும். தரங்கம்பாடியில் 1620-இல் டேனியர் குடியமர்ந்தனர். நாகப்பட்டினத்தை 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றினர். தஞ்சை மராட்டிய அரசின் வாரிசுப் போட்டிகளுக்கு இடையே, ஆளுநர் துய்மா காலத்தில், 1739-இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்கரையில் மூன்று ஐரோப்பியக் கம்பெனிகள் அடுத்தடுத்து நின்றதற்குக் காரணங்கள் இரண்டு: காவிரிப் படுகையின் நெல், உள்ளூர்களில் நெய்து சாயமேற்றப்பட்ட பருத்தித் துணி.

இக்கரைத் துணி ஐரோப்பாவுக்கு மட்டும் போகவில்லை. தென்கிழக்காசியத் தீவுகளில் மிளகு, கிராம்பு, சாதிக்காய் வாங்க வேண்டுமானால் வெள்ளிக்காசைவிடச் சோழமண்டலத் துணியே எளிதில் செல்லுபடியானது. அதற்கு முதற்காரணம் நிறம். ஐரோப்பியர் அன்று பருத்தியில் தீட்டிய நிறங்கள் துவைத்தால் கரைந்தன. இங்குள்ள துணியின் சிவப்பும் நீலமும் துணி கிழியும் வரை நின்றன. அந்நிறம் எப்படி நிற்கிறது என்பதே 17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வணிகரும் அறிஞரும் விடை தேடிய கேள்வி.

கேள்வியின் பின்னால் பெரும் பணம் இருந்தது. உள்நாட்டு நெசவாளரைக் காக்க வேண்டி, பிரான்சு 1686-இல் சீட்டித் துணியைத் தடைசெய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1700-இல் ஒரு சட்டமும் 1721-இல் அதைவிடக் கடுமையான இன்னொரு சட்டமும் இயற்றியது. தடை இருந்தும் துணி கள்ளத்தனமாக உள்ளே வந்துகொண்டே இருந்தது.

போலியூ கையெழுத்துப்படி

இச்சூழலில் போலியூ என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி புதுச்சேரிக்கு வந்தார். சீட்டித் துணி தீட்டும் வேலையைத் தம் கண்முன்னே தொடக்கம் முதல் முடிவு வரை செய்யச் சொல்லிப் பார்த்தார். பார்த்ததை எழுதினார். அதோடு நிற்காமல், ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அத்துணியிலிருந்து ஒரு துண்டை வாங்கி வைத்துக்கொண்டார். இவ்வாறு சேர்ந்த 11 துணித் துண்டுகளும் எழுத்தும் சேர்ந்ததே போலியூ கையெழுத்துப்படி. இன்று இது பாரிசில் உள்ள தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 1950-களில் பி. ஆர். ஷ்வார்ட்ஸ் என்ற துணியியல் ஆய்வாளர் இதனை ஆராய்ந்து வெளியிட்டபின் உலகெங்கும் அறியப்பட்டது.

சீட்டித் துணியின் செய்முறையைச் சுருக்கமாக இவ்வாறு கூறலாம்:

1. பருத்தித் துணியை வெளுத்து, கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப் பாலில் நனைத்துக் காயவைப்பர். கடுக்காயின் துவர்ப்பு அடுத்து வரும் உப்புகளைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு, தீட்டும் நீர் கசிந்து பரவாமல் தடுக்கும்.

2. துணியை மரக்கட்டையில் வைத்து அடித்து வழவழப்பாக்குவர்.

3. தாளில் வரைந்த உருவின் கோடுகள் நெடுகிலும் ஊசியால் துளையிட்டு, அதைத் துணிமேல் விரித்துக் கரித்தூளைத் தட்டுவர். உரு புள்ளிகளாக இறங்கும்.

4. மூங்கில் எழுதுகோலால் கோடுகளை இழுப்பர். கறுப்பு வேண்டிய இடத்தில் இரும்பு ஊறிய புளித்த நீர். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீர்.

5. நீலம் படக்கூடாத இடங்களை உருக்கிய தேன்மெழுகால் மூடி, துணியை அவுரி நீலத் தொட்டியில் முக்கி எடுப்பர். பின்பு கொதிநீரில் மெழுகை நீக்குவர்.

6. சிவப்பின் பல சாயல்கள் வேண்டிய இடங்களில் படிகார நீரை வெவ்வேறு செறிவில் தீட்டி, சாயவேர் இட்ட கொதிநீரில் துணியை வேகவைப்பர்.

7. சிவப்பேறிய வெற்றிடங்களை வெளுக்க, சாணநீரில் ஊறவைத்து வெயிலில் விரித்து நீர் தெளிப்பர். படிகாரம் பட்ட இடத்தில் நிறம் நிற்கும். மற்ற இடம் மீண்டும் வெண்மையாகும்.

8. கடைசியில் மஞ்சள் தீட்டுவர். நீலத்தின்மேல் மஞ்சள் விழுந்த இடம் பச்சையாகும்.

சாயவேர் என்பது மணற்பாங்கான கரையோர நிலங்களில் வளரும் சிறு செடியின் வேர். இதற்கு இம்பூறல் என்றும் பெயர் உண்டு. இதில் உள்ள நிறப்பொருள் தனியே துணியில் ஒட்டாது. படிகாரத்தில் உள்ள அலுமினியத்தோடும் நீரில் உள்ள சுண்ணாம்போடும் சேரும்போதே அழியாச் சிவப்பு பிறக்கிறது. அதாவது துணியில் சிவப்பைத் தீட்டுவதே இல்லை. நிறமற்ற படிகார நீரைத் தீட்டுகின்றனர். சிவப்பு பின்னால் தொட்டியில் தோன்றுகிறது. தீட்டும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே, பின்னர் கழுவிப் போய்விடும் பதிமுகக் கட்டைச் சாயத்தைப் படிகார நீரில் சிறிது கலந்தனர்.

போலியூ துண்டுகளை வெட்டி வைத்ததன் அருமை இங்கேதான் தெரிகிறது. முடிந்த துணியை எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் பாலும் கடுக்காயும் தெரியாது. மெழுகு இருந்த இடம் தெரியாது. படிகாரம் நிறமற்றிருந்தது தெரியாது. பூவும் கொடியும் மட்டுமே தெரியும். இடைக்கட்டங்கள் அடுத்த கட்டத்தில் அழிந்துபோகும் தொழில் இது. அழியும் முன்னே ஒரு துண்டை எடுத்து வைத்தவரால் மட்டுமே வழியைக் காட்ட முடியும். இன்றைய மாணவருக்கும் இது அப்படியே பொருந்தும். முதல் நாள் கிறுக்கிய தாள், ஒட்டாமல் போன அட்டை மாதிரி, பயன்படுத்தியவர் தடுமாறியபோது எடுத்த குறிப்பு ஆகியவை வேலை முடிந்தபின் தேடினால் கிடைக்காதவை.

கேர்தூ பாதிரியாரின் கடிதங்கள்

போலியூவுக்குச் சில ஆண்டுகள் கழித்து, இதே பொருளை வேறு வழியில் அணுகியவர் கேர்தூ என்ற பிரெஞ்சுச் சேசு சபைப் பாதிரியார். 1691-இல் பிறந்த இவர் 1732-இல் இந்தியா வந்தார்; 1779-இல் புதுச்சேரியில் இறந்தார். சமற்கிருதத்துக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவை, வில்லியம் சோன்சு 1786-இல் பேசுவதற்கு முன்பே, 1760-களில் எழுதி அனுப்பியவர் என்ற வகையில் மொழியியல் வரலாற்றில் இவர் பெயர் நிலைத்துள்ளது. சீட்டித் துணி பற்றிய இவருடைய நீண்ட கடிதம் 1742 சனவரியில் எழுதப்பட்டு, அடுத்த ஆண்டே பாரிசில் சேசு சபையாரின் கடிதத் தொகுதியில் அச்சேறியது.

கேர்தூவிடம் துணித் துண்டுகள் இல்லை. அவருடைய பலம் விசாரணை. சாயத்தொழில் தெரிந்த, புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற சிலரிடம் அவர் பேசினார். ஒரே கேள்வியைப் பலமுறை, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டு, விடைகளை ஒப்பிட்டதாகத் தம் கடிதத்திலேயே கூறுகிறார். ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு உரசிப் பார்க்கும் இம்முறை இன்றைய பயனர் ஆய்விலும் அடிப்படையானது. பத்துப் பேரை ஒரே அறையில் உட்காரவைத்துக் கேட்டால் முதலில் பேசியவரின் விடையே பத்து முறை வரும் என்பதை அனுபவம் உள்ளோர் அறிவர்.

1747-இல் கேர்தூ இதே பொருளில் மீண்டும் எழுதி, முதற் கடிதத்துக்குத் துணை செய்தார். ஒருமுறை அச்சேறியதை முடிந்த முடிபாகக் கொள்ளாமல் அவர் மீண்டும் அதே வேலைக்குத் திரும்பியது கவனிக்கத்தக்கது. வடிவமைப்பு மாணவர் பலர் தம் நேர்வு ஆய்வில் தவறே நிகழாதது போலவும், முதல் எண்ணமே சரியாக அமைந்தது போலவும் எழுதுகின்றனர். தேர்வாளர் அதை நம்புவதில்லை. எந்த இடத்தில் எண்ணம் மாறியது என்பதையே அவர் தேடுகிறார்.

ஆவணங்களால் நிகழ்ந்தது

இவ்விரு ஆவணங்களும் அறிவுப் பசியால் மட்டும் எழுதப்படவில்லை. அழியாச் சிவப்பின் வழி ஐரோப்பாவுக்குத் தெரிந்தால் அங்கேயே துணியைச் செய்யலாம் என்ற எண்ணம் பின்னே இருந்தது. ஐரோப்பியர் இக்கலையைக் கற்றது இவற்றால் மட்டும்தான் என்று கூறுவதும் பொருந்தாது. மார்செய் நகரில் ஆர்மேனியச் சாயக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டிலேயே இத்தொழிலைத் தொடங்கியிருந்தனர். ஒல்லாந்திலும் சுவிட்சர்லாந்திலும் பட்டறைகள் இருந்தன. என்றாலும் கேர்தூவின் கடிதம் அச்சில் வந்தபின் செய்முறை எவரும் படிக்கக்கூடிய பொருளாயிற்று.

பிரான்சில் 1759-இல் தடை நீங்கியது. மறு ஆண்டே ஒபர்காம்ப் என்பவர் வெர்சாய் அருகே சூயி என்ற ஊரில் அச்சுத்துணிப் பட்டறையைத் தொடங்கினார். 1783-இல் தாமசு பெல் உருளை அச்சுப் பொறிக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். 1868-69-இல் கிரேபே, லீபர்மன் என்ற செருமானிய வேதியியலாளர் இருவர் சிவப்பு நிறப்பொருளான அலிசரினை ஆய்வகத்தில் செய்தனர். சில ஆண்டுகளில் அது சந்தைக்கு வந்ததும், சாயவேரைத் தோண்டிப் பிழைத்தவர்களின் தொழில் தளர்ந்தது. எழுதுகோலால் தீட்டிய சீட்டித் துணி பெருவணிகத்திலிருந்து மறைந்து, கோயில் துணிகளிலும் சில ஊர்களிலும் மட்டும் தங்கியது.

போலியூவின் கையெழுத்துப்படியில் போலியூவின் பெயர் தலைப்பிலேயே இருக்கிறது. அவர் முன்னே அமர்ந்து எழுதுகோல் பிடித்தவரின் பெயர் வரலாற்றில் நிற்கவில்லை. நீலச்சாயம் தனியே செய்தவர், வெளுத்தவர், சாயவேரைக் கொண்டுவந்து தந்தவர் ஆகியோரின் நிலையும் அதுவே. பல கைகள் பட்ட துணி ஒருவர் பெயரால் அறியப்படுகிறது. வழிமுறையை இவ்வளவு நேர்மையாகப் பதிந்த ஆவணமும் வேலை செய்தவரைப் பதியவில்லை என்பதே இக்கதையின் பெரிய குறை.

கோடாலிக் கருப்பூர்: முடிவு மட்டும் எஞ்சிய நிலை

செய்முறை பதியப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் காவிரிப் படுகையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டியுள்ள கோடாலிக் கருப்பூரில், தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்கென்றே ஒருவகைப் புடவை செய்யப்பட்டது. பருத்தியோடு பொற்சரிகையை இடையிடையே சேர்த்து நெய்து, அதன்மேல் மெழுகு மூடிச் சாயமேற்றினர். சிவப்பின் அடியிலிருந்து பொன் மங்கலாக ஒளிரும். இரண்டாம் சரபோசி (1798-1832), அவர் மகன் சிவாசி (1832-1855) காலங்களில் இத்தொழில் சிறந்திருந்தது. ஆண் வாரிசின்றிச் சிவாசி 1855-இல் இறந்தபின் அரசு கம்பெனியிடம் சென்றது. வாங்குவோர் ஒரே குடும்பத்தினராக இருந்ததால், அக்குடும்பத்தின் நிலை தாழ்ந்ததும் தறியும் ஓய்ந்தது.

இன்று அப்புடவைகள் அருங்காட்சியகங்களில் உள்ளன. மீட்டெடுக்க முயன்றவர்கள் முடிந்த துணியிலிருந்து பின்னோக்கிச் சென்று, எது முதலில், எது பிறகு எனக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. போலியூவைப் போல் ஒருவர் அங்கே அமர்ந்து துண்டுகளை எடுத்து வைத்திருந்தால் அவ்வேலை மிக எளிதாகியிருக்கும். கும்பகோணம் வட்டாரத்தில் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில்களுக்கான தொம்பை, தோரணம், குடை ஆகியவற்றை எழுதுகோலால் தீட்டும் மரபு தொடர்கிறது. கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குறியீடு பெயரைக் காக்கும். கைப்பக்குவத்தைக் காக்க அதைச் செய்பவரும் பதிபவரும் வேண்டும்.

ஃபோர்ப்சு வாட்சனின் மாதிரித் தொகுதிகள்

மூன்றாவது வகை ஆவணம் 1866-இல் வெளிவந்தது. இலண்டனில் இந்தியப் பொருள்களின் காட்சியகத்துக்குப் பொறுப்பாயிருந்த ஃபோர்ப்சு வாட்சன், இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளை வெட்டி, 18 தொகுதிகளில் ஒட்டினார். இவ்வாறு 20 முழுத் தொகுப்புகள் செய்யப்பட்டன. அவற்றுள் 13 பிரித்தானியத் தொழில் நகரங்களுக்கும் பிற இடங்களுக்கும், 7 இந்தியாவுக்கும் வழங்கப்பட்டன. இந்தியர் எதை உடுத்துகின்றனர் என்பதை ஆலை முதலாளிகள் அறிந்து அதேபோல் நெய்து விற்க வேண்டும் என்பதே நோக்கம். அதை அவர் மறைக்கவும் இல்லை.

இம்மாதிரிகளில் ஊர், நீளம், அகலம், எடை போன்றவை குறிக்கப்பட்டன. தொகுப்பு என்ற அளவில் இது மிகச் சீரானது. தேடுவோர் நொடியில் தேடியதைக் காணலாம். ஆனால் ஒரு மாதிரி ஏன் அப்படி நெய்யப்பட்டது, நெய்தவர் என்ன சிக்கலைத் தீர்த்தார் என்பது அதில் இல்லை. இன்றைய மாணவர் தொகுப்புகள் பலவும் இவ்வகையைச் சேர்ந்தவை. அழகிய படங்கள் வரிசையாக நிற்கும். அடியில் அளவும் மென்பொருளின் பெயரும் இருக்கும். பார்ப்பவருக்கு அதைச் செய்தவர் எப்படிச் சிந்திப்பார் என்பது தெரியாது.

மேற்கண்டவற்றை ஒப்பிட்டால் மூன்று நிலைகள் கிடைக்கின்றன. கோடாலிக் கருப்பூரில் பொருள் மட்டும் எஞ்சியது. வாட்சனிடம் பொருளும் அதன் விவரமும் உண்டு. போலியூவிடமும் கேர்தூவிடமும் பொருள் பிறந்த வழி உண்டு. நேர்வு ஆய்வு என்ற பெயருக்கு உரியது மூன்றாவதுதான்.

விடுதலைக்குப் பின்

இந்தியாவில் வடிவமைப்புக் கல்வி தொடங்கியபோதும் பொருளைக் காட்டுவதைவிட அதைக் கேள்வி கேட்பதே முதற்பாடமாயிற்று. இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லசு ஈம்சும் இரே ஈம்சும் 1958-இல் தம் அறிக்கையை அளித்தனர். அதில் அவர்கள் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு நம் வீடுகளில் உள்ள சொம்பு. எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், எந்த அளவுள்ள கை அதைப் பிடிக்கும், இடுப்பில் வைத்தால் எப்படி, தலையில் வைத்தால் எப்படி, நிரம்பியபோதும் வெறுமையாக உள்ளபோதும் எடை எங்கே நிற்கும், என்ன விலைக்கு விற்கும் எனக் கேள்விகளாகவே அப்பகுதி நகர்கிறது. சொம்பை எந்த ஒருவரும் வடிவமைக்கவில்லை, தலைமுறைகள் வடிவமைத்தன என்பது அவர்களின் முடிவு. இவ்வறிக்கையின் தொடர்ச்சியாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. கைவினைஞர் ஊர்களுக்குச் சென்று தங்கி, செய்முறையைப் பதிந்து வரும் கைவினை ஆவணப் பயிற்சி அங்கே பாடத்தின் ஒரு பகுதியாயிற்று.

மாணவர் எடுத்துக்கொள்ள வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து ஒரு நேர்வு ஆய்வுக்கு வேண்டிய உறுப்புகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

தேவை: யாருக்கு என்ன இடர் என்பதை முதல் பத்தியிலேயே கூற வேண்டும். சீட்டித் துணியின் கதை பூவேலையில் தொடங்குவதில்லை. துவைத்தால் நிறம் போகிறது என்ற இடரில் தொடங்குகிறது.

கட்டுப்பாடு: காலம், பணம், பொருள், இடம் ஆகியவற்றின் எல்லைகள் எழுதப்பட வேண்டும். எல்லை தெரியாமல் எடுத்த முடிவின் அருமை தெரியாது. படிகாரம் நிறமற்றது என்று தெரிந்தபின்தான் பதிமுகச் சாயம் கலந்த அறிவு விளங்குகிறது.

இடைச்சான்று: ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு. தேதியிட்ட படம், வரைவு, பேட்டிக் குறிப்பு எதுவானாலும் அன்றன்றே எடுத்து வைக்க வேண்டும். பின்னால் அழகாகத் திருத்தி வரைந்த பழைய வரைவு சான்றாகாது.

சரிபார்ப்பு: கேர்தூவைப் போல் தனித்தனியே பலரிடம் கேட்டல். முரண்பட்ட விடை வந்தால் அதை மறைக்காமல் எழுதுதல்.

மாற்றம்: எது தவறிற்று, அதனால் எது மாறியது. ஒரு நேர்வு ஆய்வில் படிப்பவர் நினைவில் நிற்கும் பகுதி பெரும்பாலும் இதுவே.

விளைவு: பொருள் பயன்பாட்டுக்கு வந்தபின் என்ன ஆயிற்று. எண்ணிக்கை இருந்தால் எண்ணிக்கை. இல்லையேல் கண்ணால் கண்டது. அளக்காததை அளந்தது போல் எழுதக்கூடாது. இவ்வளவுதான் சோதிக்க முடிந்தது என்று எழுதும் மாணவருக்கு மதிப்பு குறைவதில்லை.

பங்கு: எதை நான் செய்தேன், எதை மற்றவர் செய்தார். நால்வர் சேர்ந்து செய்த வேலையை நான்கு தொகுப்புகளிலும் 'நான்' என்றே எழுதுவது இன்று பரவலாக உள்ளது. நேர்காணலில் இரண்டு கேள்விகளில் அது வெளிப்பட்டுவிடும். அதைவிட முக்கியமானது, போலியூவின் ஏட்டில் நேர்ந்த குறை மீண்டும் நம் கையால் நேரக்கூடாது என்பது.

எத்தனை நேர்வுகள் வேண்டும் என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. ஆழமாக எழுதிய இரண்டு மூன்று போதும். பதினைந்து வேலைகளின் படங்களைவிட, ஒரு வேலையின் முழு வழி அதிகம் பேசும்.

காரைக்காலில் எழுதத்தக்க நேர்வுகள்

தேசியத் தொழில்நுட்பக் கழகம், வேளாண் கல்லூரி, கலைக் கல்லூரிகள் எனக் காரைக்காலில் படிப்பவர் பலர். வடிவமைப்புத் துறையை நாடும் இவர்களில் பெரும்பாலோர் தொகுப்புக்காக வெளிநாட்டுச் செயலி ஒன்றை மாற்றி வரைகின்றனர். அச்செயலியைப் பயன்படுத்துவோரை அவர்கள் பார்த்ததில்லை, சோதிக்கவும் வழியில்லை. காலடியில் உள்ள பொருள் இதைவிட வலுவான நேர்வாகும்.

திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி நாளில் கூடும் கூட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். தமிழ் படிக்கத் தெரியாத வெளிமாநிலத்தவர் நளதீர்த்தத்திலிருந்து கோயில் வாயிலுக்கு வழி காண்பது எப்படி? எந்தத் திருப்பத்தில் நின்று யாரிடம் கேட்கின்றனர்? ஒரு நாள் அத்திருப்பத்தில் நின்று எண்ணினாலே முதல் சான்று கிடைத்துவிடும். அட்டையில் ஒரு வழிகாட்டிப் பலகை செய்து, உரியவர் இசைவோடு வைத்துப் பார்த்தால் இரண்டாவது சான்று.

ஆனி மாதத்தில் காரைக்கால் அம்மையார் நினைவாக நடக்கும் மாங்கனித் திருவிழாவில், வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகள் இறைக்கப்படுகின்றன. கீழே ஏந்துவோர் நெருக்கியடிக்கின்றனர். குழந்தையோடும் முதியவரோடும் வருபவர் எங்கே நிற்கின்றனர் என்பதே ஒரு நல்ல வினா. மீனவர் ஊர்களில் மீன் விற்கும் பெண்கள் தூக்கிச் செல்லும் ஐஸ் பெட்டி, அதன் எடை, பேருந்தில் ஏற்றும்போது படும் பாடு ஆகியவை சொம்பைப் பற்றி ஈம்சு கேட்ட கேள்விகளை அப்படியே கேட்கத்தக்க பொருள்கள்.

கைவினைஞரிடம் செல்வோர் மட்டும் ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். சீட்டித் துணியின் செய்முறை எழுதப்பட்டதால் அதை எழுதிய நாட்டுக்கு ஆலை கிடைத்தது. சொன்னவருக்கு என்ன கிடைத்தது என்று எவரும் பதியவில்லை. ஆகவே எதைப் பதியலாம், எதை வெளியே காட்டலாம் என்பதை அவரிடமே கேட்டறிதல், அவர் காட்ட விரும்பாத கலவை முறையை விட்டுவிடுதல், அவர் விரும்பினால் பெயரையும் ஊரையும் எழுதுதல், முடித்த பிரதியொன்றை அவர் கையில் கொடுத்தல் ஆகிய நான்கும் ஆய்வின் உறுப்புகளே. தமிழிலும் ஒரு பிரதி இருந்தால்தான் அவர் அதைப் படித்துத் தவறு இருந்தால் சொல்ல முடியும்.

பாரிசில் உள்ள அந்த 11 துண்டுகளில் வெளுத்த வெண்மை முதல் மஞ்சள் விழுந்த பச்சை வரை எல்லாம் உள்ளன. அவற்றைத் தீட்டியவர் யார் என்பது மட்டும் இல்லை. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கழித்து அதே கரையிலிருந்து தொகுப்பு செய்யும் மாணவர் பதினொரு துண்டுகளையும் வைக்கலாம். பன்னிரண்டாவதாகத் தம்மோடு உழைத்தவரின் பெயரையும் வைக்கலாம்.